மலை இறங்கிய கையோடு மாரத்தானா?

கேள்வி: எனக்கு 41 வயது, இதற்கு முன் மாரத்தான் ஓடிய அனுபவம் உண்டு. இந்தச் செப்டம்பரில் நண்பர்களோடு தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலை ஏறுகிறேன். மச்சாமே பாதை, 7 நாள். இறங்கிய 12-ஆம் நாள் பெர்லின் மாரத்தான். குலுக்கலில் கிடைத்த இடம், விட மனசு வரவில்லை. உயரத்தில் ஒரு வாரம் இருந்தால் ரத்தத்தில் சிவப்பணு கூடிவிடும், பெர்லினில் பறக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். 4 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. நடக்குமா?

பதில்: ஓடலாம், தாராளமாக ஓடுங்கள். ஆனால் 4 மணி நேரம் என்பதை இந்த முறை மறந்துவிடுங்கள்.

முதலில் நண்பர் சொன்ன விஷயம். உயரத்துக்குப் போன சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் எரித்ரோபொய்டின் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க ஆரம்பிக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, புது அணுக்கள் உருவாகி, ஓட்டத்தில் தெரியும் அளவுக்குச் சேர 3, 4 வாரமாவது வேண்டும். கென்யாவின் இட்டென் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஓட்ட வீரர்கள் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுப்பது அதனால்தான். மலையிலிருந்து வந்ததும் ரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடியிருக்கலாம். பெரும்பாலும் அது ரத்தத்தில் நீர்ப்பகுதி குறைந்ததால் வரும் கணக்கு, கீழே வந்து சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

எனக்குக் கவலை உயரம் இல்லை, இறக்கம். மச்சாமே பாதையில் உச்சி நாளை நினைத்துப் பாருங்கள். 4,600 மீட்டருக்கு மேலே இருக்கும் பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவில் கிளம்பி, கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்ஸிஜனோடு 5,895 மீட்டர் உஹுரு சிகரத்தைத் தொட்டுவிட்டு, அதே நாளில் சுமார் 3,100 மீட்டரில் இருக்கும் ம்வெகா முகாம் வரை இறங்க வேண்டும். ஒரே நாளில் 2,700 மீட்டருக்கும் மேல் இறக்கம், அதுவும் தூங்காத உடம்போடு. மறுநாள் மலை வாசல் வரை இன்னும் இருக்கிறது. இறங்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்குகிறது, தசைநாரில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது அப்போதுதான். வலி 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். பலம் திரும்புவதற்குச் சிலருக்கு 2 வாரம்கூட ஆகும். நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்: வலி போய்விட்டதே என்று ஆறாம் நாள் 25 கிலோமீட்டர் ஓடிவிடுவார்கள். மாரத்தானின் கடைசி 10 கிலோமீட்டரில் உங்களைத் தூக்கிச் செல்ல வேண்டியதும் அதே முன்தொடைதான், அதை அங்கே செலவழிக்காதீர்கள்.

இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய ஒரு நல்ல காரியம் உண்டு. கிளம்புவதற்கு 3, 4 வாரம் முன்பே சரிவில் இறங்கி ஓடுங்கள், சரிவு இல்லையென்றால் மாடிப்படி. தசை ஒரு தடவை இந்த அடியை வாங்கிப் பழகிவிட்டால் அடுத்த தடவை சேதம் கணிசமாகக் குறையும், அந்தப் பலன் சில வாரம் நிற்கும். மலையில் இறங்கும்போது இரண்டு கையிலும் ட்ரெக்கிங் கம்பு கட்டாயம். கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள், ஷூ முனையில் இடித்து இடித்து நகம் கறுத்துப் போனால் பெர்லினில் ரொம்பவே கஷ்டம். கடைசி 30 கிலோமீட்டர் ஓட்டத்தை மலைக்குக் கிளம்ப ஒரு 10 நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

இறங்கியபின் முதல் 4 நாள் தூக்கம், நடை, சாப்பாடு, அவ்வளவுதான். மேலே பசி மந்தமாகி எடை குறைந்திருக்கும், அதை ஈடுகட்டுவதே பெரிய வேலை. ஐந்தாம் நாள் அரை மணி நேரம் மெதுவாக ஓடிப் பாருங்கள். எட்டாம் நாள் வாக்கில் 8, 10 கிலோமீட்டர், நடுவில் கொஞ்ச தூரம் மட்டும் போட்டி வேகத்தில். அப்புறம் ஒன்றும் வேண்டாம். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு வந்துவிட்டதா, கைப்பிடியைத் தொடாமல் இரண்டு மாடி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். ஒன்பதாம் நாளும் இல்லையென்றால் பெர்லினை ஓட்டமும் நடையுமாக முடிக்கத் திட்டமிடுங்கள்.

4 மணி நேரம் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. நீங்கள் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 15 விநாடி வேகத்தில் ஆரம்பியுங்கள், ஏறக்குறைய 4 மணி 24 நிமிடத்தில் முடிப்பீர்கள். பெர்லின் தட்டையான பாதை, கென்ய ஓட்ட வீரர் கிப்சோகே 2022-ல் 2:01:09 என்ற அன்றைய உலக சாதனையை ஓடியது அங்கேதான். சரிவுகள் இல்லாதது உங்கள் தொடைக்கு நல்லது, ஆனால் தட்டைப் பாதை ஆரம்பத்தில் வேகத்துக்கு ஆசைகாட்டும், கவனம்.

உயர நோய்க்காக அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) எடுத்தால் அதை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மூச்சு நன்றாக வருகிறதே என்று ஓட்டம் வரை தொடர வேண்டாம். அது நீரை வெளியேற்றும் மருந்து, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. தொடை வலிக்கு ஐபுப்ரொஃபென் போட்டுக்கொண்டு மாரத்தான் ஓடுவதும் கூடாது, வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தான்சானியாவில் மலேரியா உண்டு. மலை மேலே பயம் குறைவு, அடிவார ஊர்களில் அப்படி இல்லை. தடுப்பு மாத்திரை பற்றி முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், சொன்ன நாள் வரை விடாமல் போடுங்கள். திரும்பியபின் காய்ச்சல் வந்தால் களைப்பு என்று விடாமல், எங்கே போய் வந்தீர்கள் என்று சொல்லி அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எந்தக் காய்ச்சலோடும் மாரத்தான் ஓடக்கூடாது, இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காக பெர்லினை விடவேண்டி வந்தால் யோசிக்காமல் விடுங்கள்.

பயணத்தில் பெரிய சிக்கல் இல்லை. தான்சானியாவுக்கும் செப்டம்பர் பெர்லினுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். பிப் எண்ணை (சட்டையில் குத்திக்கொள்ளும் ஓட்ட எண்) நேரில் போய் வாங்க வேண்டும், போட்டி நடக்கும் ஞாயிறு காலை தரமாட்டார்கள், அதனால் வெள்ளிக்கிழமையாவது போய்ச் சேருங்கள். ஓடும் ஷூவை கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: மாரத்தானை முதலில் ஓடிவிட்டு அப்புறம் மலை ஏறினால்?

பதில்: தேதி உங்கள் கையில் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். மலையில் வழிகாட்டிகளே உங்களை மெதுவாகத்தான் நடக்க விடுவார்கள், முதல் சில நாளில் கால் தேறிவிடும். அக்டோபர் முதல் பாதியில் கிளிமஞ்சாரோவில் பொதுவாக வறண்ட வானிலைதான், குறுகிய மழைக்காலம் நவம்பரை ஒட்டி வரும். இரண்டுக்கும் நடுவில் 10 நாளாவது விடுங்கள்.

கேள்வி: 7 நாள் மலை நடையை அந்த வார ஓட்டப் பயிற்சிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: மூச்சுக்கும் இதயத்துக்கும் சரி. ஓடும்போது பாதத்திலும் கெண்டைக்காலிலும் விழும் அடி நடையில் கிடைக்காது, ஆனாலும் ஒரு வாரம் ஓடாததால் பயிற்சி கரைந்துவிடாது. மலையில் இருந்துகொண்டு முகாமைச் சுற்றி ஓட மட்டும் போகாதீர்கள்.