தேசியத் தடகளப் போட்டிக்குத் தகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேசியப் போட்டிகளுக்கான தகுதியைப் பற்றியவை. அவற்றுள் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளுக்கு இந்தியத் தடகளச் சம்மேளனம் ஒவ்வொரு போட்டிக்கும் முன்பாக வெளியிடும் சுற்றறிக்கையிலேயே விடை இருக்கிறது. கடிதம் எழுதுமுன் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை படித்துவிடுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

குடியரசு தினத் தடகளப் போட்டியில் குறுவட்டம், வருவாய் மாவட்டம் எல்லாம் கடந்து மாநில அளவில் முதலிடம் பெற்றுவிட்டேன். இனி தேசிய ஜூனியர் போட்டிக்கு நேரே போகலாம் அல்லவா? (விருத்தாசலம்)

போக முடியாது. நீங்கள் வென்றது பள்ளிக் கல்வித் துறையின் போட்டி. அந்த வழி இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் பள்ளி விளையாட்டில் போய் முடிகிறது. சம்மேளனத்தின் ஜூனியர் போட்டிக்கு மாவட்டத் தடகளச் சங்கம், தமிழ்நாடு தடகளச் சங்கம் என்ற வேறொரு வழியில் வர வேண்டும். சம்மேளனத்தில் உங்கள் பெயரைப் பதிந்து அடையாள எண்ணும் பெற்றிருக்க வேண்டும். முதலமைச்சர் கோப்பையில் பெற்ற பதக்கத்துக்கும் இதே பதில்தான். இரண்டு வழிகளும் நல்லவையே, இரண்டிலும் ஓடுங்கள். ஆனால் ஒன்றில் வாங்கிய சான்றிதழை மற்றொன்றில் நீட்டி ஏமாந்து திரும்பாதீர்கள்.

என் மகள் எந்த வயதுப் பிரிவில் ஓட வேண்டும்? (ஊர் குறிப்பிடப்படவில்லை)

பிறந்த தேதியை எழுதாமல், எந்தப் போட்டி என்றும் சொல்லாமல் இப்படிக் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல முடியும்? உலகத் தடகள விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று 18 அல்லது 19 வயது நிரம்பியிருப்பவர் 20 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும், 16 அல்லது 17 நிரம்பியிருப்பவர் 18 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் சேர்வார்கள். அதற்கும் கீழான பிரிவுகளில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பிறந்தவர்கள் பங்கேற்கலாம் என்பது சுற்றறிக்கையில் அச்சிடப்பட்டிருக்கும்.

நீளம் தாண்டுதலில் தகுதி அளவை 6 சென்டிமீட்டர் தாண்டியே குதித்தேன். முடிவுத் தாளில் காற்று அளவு இல்லை என்று கூறி ஏற்க மறுக்கிறார்கள். இது நியாயமா? (நாகர்கோவில்)

உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் மறுத்தவர்கள் செய்தது சரியே. 100, 200 மீட்டர் ஓட்டங்கள், 100, 110 மீட்டர் தடை ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றில் பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்த அளவு சாதனைப் பட்டியலில் ஏறாது. காற்றை அளக்கவே இல்லையென்றால் அது எவ்வளவு வீசியது என்று யார் சாட்சி சொல்வது?

2022 ஏப்ரலில் தேஞ்ஞிப்பாலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் நம் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். கேரளத்தின் ஸ்ரீசங்கர் 8.36 தாண்டி இரண்டாமிடம் பெற்றார். ஆனால் தேசியச் சாதனையாக ஏறியது அந்த 8.36 தான், ஏனென்றால் ஜெஸ்வினின் தாண்டலில் காற்று வரம்பை மீறியிருந்தது. காற்று மிகுந்தாலும் பதக்கம் கிடைக்கும், பதிவு கிடைக்காது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜெஸ்வின் விதிக்குட்பட்ட காற்றில் 8.42 தாண்டி அந்தச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

நீங்கள் இனி தாண்டும் இடத்தில், மிதிபலகையிலிருந்து 20 மீட்டர் தள்ளி, ஓடுபாதையின் ஓரமாக, இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் காற்றுமானி நிற்கிறதா என்று முதல் தாண்டலுக்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் அன்றைய போட்டியைப் பயிற்சியாக எடுத்துக்கொண்டு, தகுதி அளவுக்கு வேறு போட்டியைத் தேடுங்கள்.

மாவட்டப் போட்டியில் 100 மீட்டரை 11.1 நொடியில் ஓடினேன். தகுதி நேரம் 11.2 என்கிறார்கள். எனக்குத் தகுதி உண்டுதானே? (கோவில்பட்டி)

உங்களுக்கு நேரம் எடுத்தது ஸ்டாப்வாட்ச்சா, மின்னணுக் கருவியா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் 11.1 என்று ஒரே ஓர் இலக்கத்தோடு நிற்பதிலிருந்தே அது ஸ்டாப்வாட்ச் நேரம் என்று தெரிகிறது. மின்னணு நேரம் 11.14 அல்லது 11.08 என்று இரண்டு இலக்கங்களில் வரும். 100 மீட்டரில் கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது வழக்கம். 400 மீட்டருக்கு 0.14. ஆக, உங்கள் 11.1 என்பது ஏறத்தாழ 11.34. கை நேரத்துக்குத் தனி அளவு சுற்றறிக்கையில் தரப்படாதவரை, உங்களுக்குத் தகுதி இல்லை என்றே கொள்ள வேண்டும்.

இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன், இனியும் எழுதுவேன். 100 மீட்டர் ஓட்டத்தில் துப்பாக்கி ஓசை தொடக்கக் கோட்டிலிருந்து முடிவுக் கோட்டுக்கு வந்து சேர ஏறத்தாழ 0.3 நொடி ஆகிறது. ஆகவே நேரம் எடுப்பவர் ஓசையைக் கேட்டு அல்ல, புகையைப் பார்த்தே கடிகாரத்தை அழுத்த வேண்டும். நம் மைதானங்களில் எத்தனை பேர் புகையைப் பார்க்கிறார்கள்? பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஓசை காதில் விழுந்த பிறகு அழுத்துகிறார்கள். அந்த 0.3 நொடி ஓடியவரின் கணக்கில் பரிசாகச் சேர்ந்துவிடுகிறது. கை நேரத்தில் நூறில் ஒரு பங்கு வந்தால் மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும், அதாவது 11.12 என்பது 11.2 ஆகும் என்ற விதியும் பல இடங்களில் பின்பற்றப்படுவதில்லை.

ஒரு மாவட்டப் போட்டியில் நானே மூன்று நேரக்காப்பாளர்களில் ஒருவனாக நின்றேன். முதலிடம் பெற்ற மாணவனுக்கு எங்கள் மூன்று கடிகாரங்களும் 11.1, 11.3, 11.4 என்று காட்டின. மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளதை எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அது 11.3. மேசையில் இருந்தவரோ, "பையனுக்கு நல்லது செய்வோம்" என்று 11.1 எழுதினார். நான் மறுப்புச் சொன்னேன், எடுபடவில்லை. அந்தப் பையன் அந்த நேரத்தை நம்பி வெளிமாநிலம் சென்று, மின்னணு நேரத்தில் 11.49 ஓடி, முதல் சுற்றிலேயே வெளியேறினான். 11.3 உடன் 0.24 கூட்டினால் 11.54. அதாவது அன்று அவன் ஓடியது அதுவரை தன் வாழ்நாளில் ஓடியவற்றிலேயே மிகச் சிறந்த ஓட்டம். அதைத் தோல்வி என்று எண்ணி, காலணியைக்கூடக் கழற்றாமல் வேலி ஓரமாக உட்கார்ந்து அழுதான். அடுத்த ஆண்டு அவன் மைதானத்துக்கே வரவில்லை. மேசையில் இருந்தவர் செய்த நல்லது அதுதான்.

உலகச் சாதனைகளுக்கு 800 மீட்டர் வரை மின்னணு நேரத்தை மட்டுமே ஏற்கிறார்கள். மேடைக்கும் கேடயங்களுக்கும் செலவு செய்யும் போட்டி அமைப்பாளர்கள், ஒரு நாளைக்கேனும் ஃபோட்டோ ஃபினிஷ் கேமராவை வாடகைக்கு எடுத்தால் மாவட்டத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் உண்மையான நேரம் தெரியும். கோவில்பட்டி வாசகர் மின்னணு நேரம் எடுக்கும் போட்டி ஒன்றில் ஓடி, முடிவுத் தாளை அன்றைக்கே படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மகனின் பிறந்த தேதியை இரண்டு ஆண்டுகள் தள்ளிப் புதிய சான்றிதழ் வாங்கினால் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் எளிதாகத் தகுதி பெறலாம் என்று பயிற்சியாளர் கூறுகிறார். (திருச்சி)

பயிற்சியாளரை இன்றே மாற்றுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு கடந்து பதிந்தால் மாஜிஸ்திரேட்டின் ஆணை தேவை. பதின்ம வயதில் திடீரெனப் பதிந்த சான்றிதழ் யார் கண்ணிலும் முதலில் படும். அதற்கு மேல் பல்லும் எலும்பும் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. பிடிபட்டால் தடை உங்களுக்கு அல்ல, உங்கள் மகனுக்கு.

போட்டிக்கு முந்தைய வாரம் சளி பிடித்தது. மருந்துக் கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடித்தேன். ஊக்கமருந்துச் சோதனையில் பாதிப்பு வருமா? (சேலம்)

வரலாம். நம் ஊரில் விற்கும் இருமல் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் சேர்ந்திருக்கிறது. அது போட்டிக் காலத்தில் மட்டுமல்ல, எப்போதும் தடை செய்யப்பட்ட பொருள். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமாலுக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராம் என்ற வரம்புக்குள் அனுமதி உண்டு. டெர்பியூட்டலினுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. மருத்துவக் காரணத்துக்கான விலக்கு பெற்றிருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். குடித்த சிரப்பின் பாட்டிலைத் தூக்கி எறியாமல் அட்டையோடு எடுத்து வையுங்கள்; சோதனைப் படிவத்தில் அண்மையில் எடுத்த மருந்துகளைக் கேட்கும் இடத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். இனி எந்த மருந்தானாலும், "நான் விளையாட்டு வீரர், சோதனைக்கு உட்பட்டவர்" என்று மருத்துவரிடம் சொன்ன பிறகே வாங்குங்கள்.

வேலைக்காகப் பெங்களூருவுக்கு வந்துவிட்டேன். தமிழ்நாட்டுக்காகவா, கர்நாடகத்துக்காகவா, எந்த அணிக்குத் தகுதி பெறுவது? (பெங்களூரு)

ஏதேனும் ஒன்றுக்கு மட்டும். மாற விரும்பினால் பழைய சங்கத்திடம் ஆட்சேபணையின்மைச் சான்று கேட்டு, நுழைவுப் பதிவு தொடங்குமுன் வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. ரயில்வே, ராணுவம் போன்ற பணியில் சேர்ந்திருந்தால், தேசிய ஓப்பன் போட்டியில் அந்த நிறுவனத்தின் அணியில் ஓடலாம். மாநிலங்களுக்கிடையிலான போட்டியோ பெயருக்கேற்ப மாநிலங்களுக்கானது.

18 வயதுக்குட்பட்ட பிரிவில் 3 கிலோ குண்டை எறிந்த அளவைக் கொண்டு பெண்கள் பிரிவுக்குப் பதியலாமா? (திண்டுக்கல்)

கூடாது. பெண்கள் பிரிவில் குண்டு 4 கிலோ. அதை எறிந்து காட்டிய அளவுதான் செல்லும்.

கிராமத் திருவிழா ஓட்டத்தில் 5,000 ரூபாய் பரிசு வாங்கினேன். இதனால் அமெச்சூர் தகுதி போய்விடுமா? (பரமக்குடி)

போகாது. பணம் வாங்கியவரை விலக்கிய காலம் தடகளத்தில் முடிந்து நெடுநாளாகிவிட்டது. உலக அமைப்பே 2001இல் தன் பெயரிலிருந்து அமெச்சூர் என்ற சொல்லை எடுத்துவிட்டது. அந்தப் பணத்தில் நல்ல ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்குங்கள்.

ஸ்பைக்ஸ் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (ஈரோடு)

அடிப்பாகத்தின் தடிமன் 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த வரம்பு 2024 நவம்பர் முதல் எல்லாத் தடகள மைதான நிகழ்வுகளுக்கும் பொதுவானது. சாலை ஓட்டத்துக்கென விற்கும் 40 மில்லிமீட்டர் காலணியோடு டிராக்கில் இறங்கினால், எவ்வளவு நல்ல நேரம் ஓடினாலும் அது கணக்கில் சேராது. ஒரு காலணியில் 11 ஆணிகளுக்கு மேல் கூடாது. சிந்தெடிக் டிராக்கில் ஆணியின் நீளம் 9 மில்லிமீட்டர், உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12. மைதானத்துக்கு மைதானம் இதைவிடக் குறைவாகக் கேட்பார்கள் என்பதால், சிறிய ஆணிகள் ஒரு செட்டும் திருகுச் சாவியும் பையில் இருக்கட்டும்.