சப்ரஸர் செய்யும் கம்பெனி தள்ளாடுகிறது என்கிறார்கள், இப்போது வாங்கலாமா?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். ரொம்ப நாளாகப் பார்த்து வைத்திருந்த ஒரு ரைஃபிள் சப்ரஸரின் (துப்பாக்கி வெடிச் சத்தத்தை அடக்கும் குழாய், சைலன்சர் என்றும் சொல்வார்கள்) விலை திடீரென்று முந்நூறு டாலர் இறங்கிவிட்டது. அதே சமயம் அந்தக் கம்பெனி ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறது, சரக்கு கொடுத்தவர்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறது என்று காதில் விழுகிறது. விலைக்காக வாங்குவதா, பேச்சுக்குப் பயந்து விடுவதா என்பது கேள்வி.

வாங்கலாம். ஆனால் உங்கள் டீலரின் பெட்டகத்தில் இன்றைக்கே இருக்கிற உருப்படியை மட்டும் வாங்குங்கள். "அடுத்த மாதம் வந்துவிடும், இப்போதே பணம் கட்டினால் இந்த விலை" என்றால் வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. நம் ஊரில் சைலன்சர் என்றால் புல்லட் பைக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது. துப்பாக்கி சைலன்சரும் அதுவும் தூரத்துச் சொந்தம்தான். 1909இல் இதற்குப் பேட்டண்ட் வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், அதே யோசனையை எஞ்சின் சத்தத்தை அடக்கவும் பயன்படுத்தினார். சினிமாவில் வருவது போல 'புஸ்' என்றெல்லாம் கேட்காது. 160 டெசிபலுக்கு மேல் போகும் ரைஃபிள் வெடியை 130களுக்கு இறக்கும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவன் காது தப்பும், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி ஒவ்வொரு சப்ரஸரும் சீரியல் நம்பரோடு அரசிடம் பதிவாகியிருக்க வேண்டும். தயாரிப்பவரிடமிருந்து டீலருக்கு வருவது ஃபார்ம் 3இல். டீலரிடமிருந்து உங்கள் பெயருக்கு மாறுவது ஃபார்ம் 4இல். விரல்ரேகை, போட்டோ, பின்னணிச் சோதனை எல்லாம் அதில் அடக்கம். ஃபார்ம் 4இல் சீரியல் நம்பரை எழுதியாக வேண்டும். அதாவது பொருள் இருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். கம்பெனி விற்று, டீலர் காசு கொடுத்து, ஃபார்ம் 3 முடிந்து கடைக்கு வந்துவிட்ட உருப்படிக்கும் அந்தக் கம்பெனியின் கடனுக்கும் சம்பந்தம் கிடையாது. மறுநாளே கம்பெனி திவால் மனு போட்டாலும் உங்கள் ஃபார்ம் 4 அது பாட்டுக்கு நகரும்.

2017 கடைசியில் நான் ஒரே கடையில் இரண்டு வாங்கினேன், இரண்டும் ஒரே சின்னக் கம்பெனியின் தயாரிப்பு. கிரீன் கார்டு வந்த புதிது. (ஹெச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே பொதுவாகத் தடை. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) .22 தோட்டாவுக்கான (அங்குலத்தில் குறுக்களவு) சின்னது கடையிலேயே இருந்தது. டீலர் என் பெயர் எழுதிய அட்டையை நூலில் கட்டி, பெட்டகத்தின் மேல்தட்டில் வைத்தார். 'ஜெயிலில் போட்டாச்சு' என்பது இங்கே வழக்குச் சொல். கடையோடு சேர்ந்த ரேஞ்சில் அவர் கண்முன்னே போட்டுச் சுடலாம், வீட்டுக்கு மட்டும் கொண்டுபோக முடியாது. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அனுமதி வந்து கையில் எடுத்துப் போன அன்று வீட்டில், "என்ன, பத்து மாசம் சுமந்தது பிறந்தாச்சா?" என்றாள் மனைவி.

.30க்கான பெரியது பிறக்கவே இல்லை. அதற்கு முன்பணமாக முழுத் தொகையும் கட்டியிருந்தேன், நல்ல தள்ளுபடி என்று. முதலில் 'அனோடைசிங் தாமதம்' என்றார்கள். அப்புறம் 'பொங்கலுக்கு மேல்' என்கிற மாதிரி ஒவ்வொரு மாதமும் ஒரு தேதி. பிறகு போனே எடுக்கவில்லை. டீலரும் பணத்தை அவர்களுக்கு அனுப்பியிருந்தார். கிரெடிட் கார்டில் புகார் செய்யும் காலக்கெடு தாண்டிவிட்டது. திவால் வழக்கில் என்னைப் போன்றவர்கள் ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் கணக்கில்தான் வருவோம், வங்கிகளெல்லாம் எடுத்த பிறகு மிச்சம் இருந்தால் பங்கு. டீலர் நல்ல மனிதர், பாதித் தொகைக்குக் கடையிலேயே வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தோட்டாவாக வாங்கித் தீர்த்தேன்.

இந்தத் தொழில் ஏன் இப்படி ஆடுகிறது என்றால், வாங்குபவனின் கை வாஷிங்டனைப் பார்த்துத்தான் நீளும், சுருங்கும். 2016 ஜூலையில் தன் பெயரில் இல்லாமல் டிரஸ்ட் பெயரில் வாங்குவோருக்கும் விரல்ரேகை கட்டாயம் என்ற விதி வந்தது. அதற்கு முன்பு வாங்கிவிட வேண்டும் என்று கூட்டம் முண்டியது, கம்பெனிகள் மெஷின் வாங்கிப் போட்டன. 2017 ஜனவரியில், சப்ரஸர் ஒன்றுக்குக் கட்ட வேண்டியிருந்த 200 டாலர் வரியையே எடுத்துவிடும் மசோதா வந்ததும், 'எடுக்கட்டும், அப்புறம் வாங்கலாம்' என்று எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். மெஷினுக்கு வாங்கிய கடனுக்கு மட்டும் வட்டி நிற்கவில்லை. அக்டோபரில் லாஸ் வேகஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, மசோதா கிடப்பில் போனது. கடைசியில் அந்த வரி பூஜ்யமானது 2026 ஜனவரி 1 முதல்தான். சட்டம் கையெழுத்தானது 2025 ஜூலை 4. இடைப்பட்ட ஆறு மாதம் எந்தக் கம்பெனிக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். பதிவும் சோதனையும் இப்போதும் உண்டு, வரி மட்டும்தான் போனது.

பெரிய இடத்தில் வாங்கினால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். அட்வான்ஸ்டு ஆர்மமெண்ட், சுருக்கமாக ஏ.ஏ.சி., ஒரு காலத்தில் இந்தத் துறையில் பெரிய பெயர். ரெமிங்டன் துப்பாக்கிக் குழுமத்தின் கீழ் இருந்தது. ரெமிங்டன் 2018இல் ஒருமுறை, 2020இல் மறுமுறை திவால் பாதுகாப்புக் கேட்டது. இரண்டாம் முறை துண்டுதுண்டாக ஏலம் போட்டார்கள். மார்லின் என்ற துப்பாக்கிப் பிராண்டை ரூகர் கம்பெனி எடுத்தது, ஏ.ஏ.சி. ஜே.ஜே.இ. கேபிட்டலுக்குப் போனது. இன்றைக்கு அந்தப் பெயரைத் தோட்டா டப்பாவில் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஏலத்தில் பிராண்டை எடுப்பவர் பழைய வாரண்டியைச் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் பொதுவான நிலை. ஆக, 'ஆயுள் முழுக்க வாரண்டி' என்பதில் ஆயுள் கம்பெனியுடையது.

வாரண்டி போனால் போகட்டும், வெளியே பாகம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்றால் அதுவும் முடியாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பேஃபிளும் (சத்தத்தை அடக்கும் தடுப்புத் தகடு) சட்டத்தின் கண்ணில் தனி சப்ரஸர். ஸ்பேர் வாங்கி அலமாரியில் வைத்தால் குற்றம். உரிமம் உள்ள வேறு தயாரிப்பாளர் பழுது பார்க்கலாம், ஆனால் சீரியல் நம்பர் பொறித்த குழாயே போய்விட்டால் சிக்கல்தான். அதனால் தள்ளாடும் கம்பெனியின் பொருளை வாங்கினால், பழுதுக்கே போகாத மாதிரியாகப் பாருங்கள். ரைஃபிளுக்கு முழுவதும் வெல்டிங் செய்த ஸ்டீல் அல்லது இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலப்பு உலோகம்) குழாய் நன்றாக உழைக்கும். என் .22 ஈயக்கசடு சேர்கிற ரகம், கழற்றித் துடைக்க முடிவதால்தான் கம்பெனி மூடியும் ஓடுகிறது.

சப்ரஸரைத் துப்பாக்கியில் மாட்டும் பின்பக்க மரையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஏ.ஏ.சி.யின் 51 பல் பூட்டு அவர்களுக்கே உரியது. அப்படிச் சொந்தப் பூட்டு உள்ள மாடலாக இருந்தால், இன்னொரு துப்பாக்கியில் மாட்ட நினைக்கும்போது மவுண்டுக்கு, அதாவது மாட்டும் இணைப்புக்கு, அலைய வேண்டியிருக்கும். 'ஹப்' என்று சொல்லும் 1.375 அங்குலப் பொது மரை இருந்தால் பத்துக் கம்பெனி மவுண்ட் கிடைக்கும். அதுவும் சரி, கடைக்காரர் போனிலேயே சீரியல் நம்பரைப் படித்துக் காட்டுகிறார் என்றால், முந்நூறு டாலர் லாபத்துக்கு நானே வாங்குவேன்.