மூன்று வருஷமாகக் கொடி ஓடுகிறது, காய் எங்கே?

கேள்வி: சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை வைத்து மூன்று வருஷம் ஆகிறது. பந்தல் முழுக்க இலை. போன வருஷம் நாலே கொத்து, அதுவும் புளிப்பு. கவாத்து செய்யச் சொல்கிறார்கள். ஆசையாய் வளர்த்த கொடியை வெட்ட மனம் வரவில்லை. வெட்டினால் காய்க்குமா?

பதில்: வெட்டாததால்தான் காய்க்கவில்லை, அம்மா.

திராட்சை பழைய கட்டையில் காய்க்காது. போன பருவத்தில் வளர்ந்து பழுப்பேறிய கொடியின் கண்ணிலிருந்து கிளம்பும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து வரும். குளிர் நாட்டில் இலை உதிர்ந்து கொடி உறங்கும், வசந்தத்தில் கண்கள் ஒன்றாக விழிக்கும். சிங்கப்பூரில் அந்த உறக்கமே கிடையாது. நுனி ஓடிக்கொண்டே இருக்கும், கீழ்க்கண்கள் அடங்கிக் கிடக்கும். இங்கே கத்தரிதான் பனிக்காலம். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் இதே பன்னீர்த் திராட்சைக்கு ஒவ்வொரு அறுவடைக்கும் முன்னால் கவாத்து உண்டு. அவர்களுக்கும் குளிர்காலம் கிடையாதே!

பென்சில் பருமனில் பழுப்பேறிய கொடிகளில் அடியிலிருந்து 4 கண் விட்டு மேலே வெட்டுங்கள். மெலிந்த கொடிக்கு 1 அல்லது 2 கண் போதும். அது அடுத்த முறைக்கான கொடியைத் தரட்டும். மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். வெட்டுவாயில் நீர் சொட்டும், பயப்பட வேண்டாம். பெரிய தோட்டங்களில் கண் விழிக்க ஒரு மருந்து பூசுவார்கள். அது கடும் விஷம், நாலு பேர் நடமாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இனி புளிப்பு. இலை நெருங்கி உள்ளே இருட்டாகிவிட்டால் பழத்தில் சர்க்கரை ஏறாது. அதோடு போகாது. கொடி சுற்றிப் பிடிக்கும் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே குருத்திலிருந்து பிறப்பவை. கண் உருவாகும்போது வெயில் பட்டால் கொத்து, நிழலில் கிடந்தால் வெறும் பற்றுக்கம்பி. உங்கள் பந்தலில் பற்றுக்கம்பிதான் நிறைய இருக்கும், பாருங்கள். அதற்காக நிறையக் கண் விட்டு எல்லாவற்றையும் காய்க்க விட்டாலும் புளிப்புதான். ஒரு கொத்துக்குப் பத்துப் பதினைந்து நல்ல இலையாவது உழைக்க வேண்டும். ஒரு தளிருக்கு ஒரு கொத்து வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

எப்போது வெட்டுவது? ஜனவரி கடைசியில், பருவமழை ஓயும்போது. பிப்ரவரி இங்கே மழை குறைந்த மாதம், இளந்தளிர் ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் பூஞ்சை நோய்க்கு ஓரளவு தப்பும். மார்ச்சில் பூ, வெட்டியதிலிருந்து சுமார் நாலு மாதத்தில் பழம்.

சரி, வெட்டுவதற்கு முன் ஒன்று பாருங்கள். புளோக்கின் நிழல் பந்தல்மேல் எத்தனை மணி வரை விழுகிறது? பாதி நாள் நிழல் என்றால் கத்தரியை வைத்துவிட்டு முதலில் வேறு இடம் கேளுங்கள்.