டீசல் மெக்கானிக் மின்காருக்கு மாறுவது எப்படி?

கேள்வி: பல வருடங்களாக டீசல், பெட்ரோல் கார்களைப் பழுதுபார்க்கிறேன். சொந்த ஒர்க்‌ஷாப், கூட இரண்டு பையன்கள். மின்கார்கள் பெருகிவிட்டால் எங்கள் தொழில் என்ன ஆகும்? எதிலிருந்து கற்கத் தொடங்குவது?

பதில்: ஒர்க்‌ஷாப்பை மூட வேண்டியதில்லை. ஆனால் எந்த வேலை போகும், எது நிலைக்கும் என்று இப்போதே பிரித்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில், இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச், சைலன்சர் வேலைகள் முழு மின்காரில் கிடையாது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், அலைன்மென்ட், ஏசி எல்லாம் இருக்கும். வண்டியின் எடையாலும் உடனே கிடைக்கும் இழுவிசையாலும் டயர் சீக்கிரம் தேயும். பிரேக்கில் கோளாறு வேறு மாதிரி வரும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேட் அதிகம் தேயாது. உபயோகம் குறைந்து டிஸ்க் துருப்பிடிக்கும், கேலிப்பர் பின் இறுகிவிடும்.

அனுபவசாலிகளே தவறுவது ஏசியில்தான். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸருக்குப் போடும் பிஏஜி (PAG) வகை மசகு ஆயிலை மின் கம்ப்ரஸரில் விடாதீர்கள். மோட்டார் அதன் உள்ளேயே இருக்கிறது. பிஏஜி கலந்தால் மின்காப்பு குறைந்து, வண்டியே கிளம்பாமல் போகலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஆயில்தான், பெரும்பாலும் பிஓஇ (POE) என்ற வேறு வகை. கேஸ் நிரப்பும் ஹோஸில் பழைய ஆயில் தங்கியிருந்தாலும் இதே கதிதான்.

மல்டிமீட்டரும் வயரிங் வரைபடமும் கைவந்த பிறகு, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கப் பழகுங்கள். நேர்மின்சாரத்தில் (டிசி) 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து. கார்களில் 400, சிலவற்றில் 800 வோல்ட். வண்டியை அணைத்து, சாவியைத் தூரத்தில் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். 1000 வோல்ட் தாங்கும் ‘கிளாஸ் 0’ கையுறையில் காற்றடைத்து ஓட்டை பார்த்து, மாட்டிக்கொண்டு, உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் உங்களிடமே இருக்கட்டும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும் என்பதால் மேனுவலில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். பிறகு அளந்து பூஜ்யம் என்று உறுதி செய்யுங்கள். அளப்பதற்கு முன்னும் பின்னும், மின்சாரம் இருப்பது தெரிந்த ஓர் இடத்தில் மீட்டரையும் சோதியுங்கள். பழகாதவர்கள் கைக்கு இந்த வேலை போகவே கூடாது.

பேட்டரி பெட்டியைத் திறக்கும் வேலைக்கு இப்போது போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே செல்கள் உயிரோடுதான் இருக்கும்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: நிஜ வண்டியில் இந்தத் துண்டிப்பை ஒவ்வொருவரையும் செய்ய வைப்பார்களா? வெறும் படம் காட்டிச் சான்றிதழ் தருகிற இடம் என்றால் வேண்டாம்.