அரை ஜனாதிபதி முறை ஒரு நாட்டுக்கு அரசியல் உறுதியைத் தருமா?

அரை ஜனாதிபதி முறையில், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதியும் பாராளுமன்றத்துக்குப் பொறுப்பான பிரதமரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டால் ஒருவரையொருவர் கட்டுப்படுத்துவார்கள் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசறிவியல் படிக்கும் மாணவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இலங்கையில் அப்பகிர்வின் கீழ் வாழ்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். இருவரும் ஒரே அணியாக இருந்த காலங்களில் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பெரும்பாலும் தனியொருவர் ஆட்சியாகவே இயங்கியது; வெவ்வேறு அணியினராக அமைந்தபோது அரசே இரண்டுபட்டது.

2003 நவம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்த வேளையில், ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சுகளைத் தம்வசம் எடுத்தார். விடுதலைப் புலிகளுடனான சமாதானப் பேச்சுவார்த்தையை நம்பியிருந்த எங்களுக்கு, யாருடைய வாக்குறுதி செல்லும் என்பதே தெரியாமல் போயிற்று.

2018 அதைவிடக் கொடியது. அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன, பதவியில் இருந்த பிரதமரை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தையும் கலைத்தார். பாராளுமன்றம் கூடி நான்கரை ஆண்டுகள் நிறையும் முன் ஜனாதிபதி தாமாக அதைக் கலைக்க முடியாது என்று அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் தெளிவாகச் சொல்லியிருந்தும், வேறோர் உறுப்புரையைக் காட்டி அவர் அதைச் செய்தார். கிளிநொச்சியில் என் அக்காவின் வீட்டுத்திட்ட வீடு அப்போது சுவர் மட்டத்தில் நின்றது. கூரைக்கான தவணைப் பணத்தைக் கேட்டுப் போனால், எந்த அமைச்சரின் ஒப்பம் செல்லுபடியாகும் என்று தமக்கே தெரியவில்லை என்றார் அலுவலர். அவரை நான் குறைகூற மாட்டேன். டிசம்பர் 3 அன்று மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிய அமைச்சரவைக்கு இடைக்காலத் தடை விதித்தது. கலைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது டிசம்பர் 13 அன்றுதான். அந்த மார்கழி வெள்ளத்தின்போதும் அக்காவின் வீட்டுக்குக் கூரை இல்லை.

பிரான்ஸில் இம்முறை நன்றாக நடக்கிறதே என்று சிலர் மறுப்பார்கள். அங்கும் 1986 முதல் மூன்று முறை எதிரணிப் பிரதமர்கள் வந்தார்கள் என்பதை அறிவேன். ஆனால் உள்நாட்டு நிர்வாகம் பிரதமருக்குரியது என்பதை ஜனாதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2000ஆம் ஆண்டில் ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஐந்தாண்டாகக் குறைத்துப் பாராளுமன்றத்தின் காலத்தோடு பொருத்தவும் செய்தார்கள். ஜனாதிபதி முறையை முற்றாக ஒழிக்க வேண்டும் என்று நான் வாதிடுவதாகவும் கொள்ள வேண்டாம். 2018இல் எங்களைக் காத்தவை நீதிமன்றமும், புதிதாக நியமிக்கப்பட்ட பிரதமருக்குப் பெரும்பான்மை தர மறுத்த பாராளுமன்றமும்.

2022இன் 21ஆம் திருத்தத்துக்குப் பின்னும் பாதுகாப்பு அமைச்சை ஜனாதிபதி வைத்திருக்கலாம். பாராளுமன்றத்தை இரண்டரை ஆண்டுகள் கழிந்ததும் கலைக்கலாம். 2024 தேர்தல்களில் இரு அதிகாரமும் ஒரே அணியிடம் சென்றதால் மட்டுமே இச்சிக்கல் இப்போது வெளித்தெரியவில்லை.