இந்தியாவிலிருந்து வரும் பெற்றோருடன் மெல்பர்னிலிருந்து மூன்று நாள் கார்ப் பயணம்: எந்தப் பழைய ஊர்களைப் பார்க்கலாம்?

கடற்கரைச் சாலையை விட்டுவிட்டு, பழைமை மாறாத உள்நாட்டு ஊர்களுக்குப் பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்புவதாகவும், அதற்கு மூன்று நாட்கள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விக்டோரியா மாநிலத்தின் நடுப்பகுதியிலுள்ள தங்கவயல் ஊர்களுக்கே செல்லுங்கள் என்பேன். என் தந்தை கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை வேலை பார்த்தவர். அவர் எங்களுடன் வந்து தங்கியிருந்தபோது இந்தச் சுற்றுக்குத்தான் அழைத்துச் சென்றேன். ஆகவே நான் சொல்வதில் அவருடைய கண்ணோட்டமும் கலந்திருக்கும்.

பலரும் பல்லாரட்டில் ஒரு நாள், பெண்டிகோவில் ஒரு நாள் என்று பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள். இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள்தாம் என்றாலும், இன்று அவை வளர்ந்த நகரங்கள். நடுவிலுள்ள ஒரு நாளை, இவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கும் சிற்றூர்களுக்கு முழுமையாகக் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதல் நாள் பல்லாரட். மெல்பர்னிலிருந்து ஏறத்தாழ 115 கி.மீ.; ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். 1970இல் திறக்கப்பட்ட சாவரின் ஹில் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1850களின் தெரு, கடைகள், கொல்லன் பட்டறை எல்லாவற்றையும் மறுபடி கட்டி, அக்கால உடையணிந்த ஆட்களைக் கொண்டே நடத்துகிறார்கள். ஓடையில் தட்டைப் பிடித்து மணலை அலசினால் பொடித் தங்கம் கிடைப்பதும் உண்டு. ஆனால் நேரத்தை மீதம் வைத்துக்கொண்டு தொழிலாளர் எழுச்சி ஒன்றை நினைவுகூரும் யுரேகா மையத்துக்கும் அவசியம் செல்லுங்கள். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தோண்டுகிற ஒவ்வொருவரும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும் என்றிருந்த நிலையை எதிர்த்து, பீட்டர் லேலர் தலைமையில் திரண்ட தொழிலாளர்கள் 1854 டிசம்பர் 3ஆம் நாள் விடியற்காலையில் படையினரால் தாக்கப்பட்டார்கள். 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அன்று அவர்கள் ஏற்றியிருந்த நீலக் கொடி அந்த மையத்தில் மங்கலான வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நினைவுப்பொருளாகப் பலர் வெட்டி எடுத்துக்கொண்டதால், அதன் ஒரு பக்கம் இல்லாமலே இருக்கிறது. அப்பா அதன் முன் வெகுநேரம் நின்றார். சங்கம் வைத்து உரிமை கேட்ட மனிதர் அவர்.

இரண்டாம் நாள் காலையில் வடக்கே க்ளூன்ஸ். 1851இல் விக்டோரியாவில் முதலில் தங்கம் எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று இது. தங்கம் தீர்ந்த பின் ஒடுங்கிப்போன அகலமான தெருவில், இப்போது ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடத்துகிறார்கள். அரை மணி நேரம் நடந்து பார்த்துவிட்டு டனோலிக்குச் செல்லுங்கள். இந்தப் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஊர் அதுதான்.

டனோலிக்கு அருகிலுள்ள மோலியாகலில் 1869 பிப்ரவரி 5ஆம் நாள், ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவர் மரவேர்களுக்கு இடையே, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஒரு தங்கப் பாளத்தைக் கண்டெடுத்தார்கள். உலகில் இதுவரை கிடைத்த இயற்கைத் தங்கக்கட்டிகளில் மிகப் பெரியது அதுவே. அதில் 70 கிலோவுக்கும் அதிகமான தங்கம் இருந்தது. டனோலிக்குக் கொண்டுவந்தபோது அதை நிறுக்கும் அளவுக்குப் பெரிய தராசு அங்கே இல்லாததால், கொல்லனின் அடைகல்லில் வைத்துத் துண்டு துண்டாக வெட்டித்தான் எடை போட்டார்கள். அந்த அடைகல்லை ஊர் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஓரம் தேய்ந்த வெறும் இரும்புக்கட்டிதான். கதை தெரியாதவர்கள் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். அப்பா குனிந்து அதைப் பார்த்தபடி, "ஒரு டன் பாறையை உடைச்சா எங்களுக்குச் சில கிராம்தான் தேறும். இவங்களுக்குக் காலடியிலேயே கிடந்திருக்கு" என்றார். கண்டெடுத்த இருவரும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள் என்று சொன்னதும் அவருக்கு இன்னும் ஆர்வம் கூடிவிட்டது. கோலாரில் ஆங்கிலேய நிறுவனம் சுரங்கம் நடத்திய காலத்தில் அங்கேயும் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மோலியாகலில் கட்டி கிடைத்த இடத்தில் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. சுற்றிலும் யூகலிப்டஸ் காடுதான். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

அன்றிரவு மால்டனில் தங்குங்கள். 1966இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளை, ஆஸ்திரேலியாவின் முதல் சிறப்புக்குரிய ஊராக இதைத்தான் அறிவித்தது. சுரங்கத் தொழில் நொடித்த பின், பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லாமல் போனதால்தான், தாழ்வாரம் வைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைகள் அப்படியே நிற்கின்றன. மாலையில் டாரங்கோவர் குன்றுக்குக் காரிலேயே ஏறிச் சென்றால் சமவெளி முழுவதும் தெரியும். இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள், அந்தி நேரத்தில் கங்காருக்கள் எதிர்பாராமல் சாலைக்குக் குறுக்கே பாயும்.

மூன்றாம் நாள் காசில்மெய்ன் வழியாகப் பெண்டிகோ. மால்டனுக்கும் காசில்மெய்னுக்கும் இடையே நீராவி ரயில் ஓடுகிறது. சில நாட்களில் மட்டுமே இயங்கும் என்பதால் முன்கூட்டியே கால அட்டவணையைப் பாருங்கள். காசில்மெய்னில் 1862இல் கட்டிய சந்தைக் கட்டடம் ஒன்று போதும். அங்கிருந்து பெண்டிகோ அரை மணி நேரம்.

பெண்டிகோவில் சென்ட்ரல் டெபோரா சுரங்கத்துக்குள் தொப்பியும் விளக்கும் அணிந்து 61 மீட்டர் ஆழம்வரை இறங்கலாம். கூண்டு அசைந்ததும் அப்பா கம்பியைப் பிடித்த விதத்தில் முப்பது வருடப் பழக்கம் தெரிந்தது. மூச்சுத்திணறல், முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்குவதற்கு முன் ஊழியர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிறகு இங்கு வந்த சீனர்களின் வரலாற்றைச் சொல்லும் கோல்டன் டிராகன் அருங்காட்சியகத்தையும், ஊரின் வட எல்லையிலுள்ள சிவப்பு நிறச் சிறிய சீனக் கோயிலையும் பாருங்கள். 1855இல் விக்டோரியா அரசு கப்பலில் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு வரி விதித்தபோது, ஆயிரக்கணக்கானோர் பக்கத்து மாநிலத்தின் ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கி.மீ.க்கு மேல் நடந்தே இந்தத் தங்கவயல்களை வந்தடைந்தார்கள்.

சிற்றூர்களின் அருங்காட்சியகங்கள் தன்னார்வலர்களால் நடத்தப்படுபவை. வாரத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். டனோலி செல்லும் நாள் சனி அல்லது ஞாயிறாக அமையும்படி பார்த்துக்கொண்டு, முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.