தொலைந்த உறுதி, கனடாவில் சொந்தக்காரர்: அரியாலை வீட்டுக்கு முற்பணம் கட்டலாமா?

கேள்வி: நான் ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடமாக வாடகை வீடு. அரியாலையில் ஒன்றேகால் பரப்பு வளவோடு பழைய கல்வீடு ஒன்று 85 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில், அவருடைய ஒன்றுவிட்ட தம்பி அற்றோணி (அவருக்குப் பதிலாகக் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கிறார். மூல உறுதி (காணிப் பத்திரம்) 1995 இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதாம், பிரதி மட்டும் இருக்கிறது. அந்த வீடு தாயாரின் சீதனம். 1998இல் மகனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தகப்பன் 1996இல் காணாமற்போனவர். வேறு ஆட்கள் கேட்கிறார்கள், இந்தக் கிழமைக்குள் 5 இலட்சம் முற்பணம் கட்டுங்கள் என்று தரகர் நெருக்குகிறார். கட்டலாமா?

பதில்: இந்தக் கிழமை கட்டாதீர்கள். வீடு கெட்ட வீடு என்று சொல்லவில்லை. நீங்கள் பயப்படுகிற இடம் ஒன்று, பயப்படவேண்டிய இடம் வேறு.

மூல உறுதி தொலைந்தது பெரிய காரியமே இல்லை. ஒரு நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது மூன்று படி உண்டாகிறது. ஒன்று உங்கள் கையில் தரும் மூலம், ஒன்று அவரே வைத்துக்கொள்வது, மற்றது காணிப் பதிவகத்துக்கு அனுப்பும் இரண்டாம் படி. வீட்டுப் பெட்டகம் எரிந்தாலும் பதிவகத்துப் படி இருந்தால் போதும், அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அந்தப் பிரதியை நீங்களே விண்ணப்பித்து எடுக்கவேண்டும். தரகர் பையிலிருந்து எடுத்து நீட்டும் போட்டோப் பிரதி பிரதியே அல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்து உறுதி இலக்கம், திகதி, பரப்பளவு, நான்கு எல்லை, சாட்சிகளின் பெயர் என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒன்றேகால் பரப்பு என்றால் பன்னிரண்டரை பேர்ச். பரப்புக்குப் பத்துப் பேர்ச், பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். உறுதியில் வேறு கணக்கு இருந்தால் நில அளவையாளரிடம் கேட்காமல் மேலே போகவேண்டாம்.

அதோடு தோம்பு, அதாவது பதிவகத்துப் பதிவேட்டில் அந்தக் காணிக்குரிய பக்கத்தின் பிரதி, எடுங்கள். உறுதியின் பதிவு முத்திரையில் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் இருக்கும். அதைக் கொடுத்தால் அந்தக் காணியில் நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் ஒரு தாளில் வரும். வங்கி வழக்கமாக முப்பது வருடம் பின்னோக்கிப் பார்க்கும். யாழ்ப்பாணத்தில் அந்த முப்பது வருடம் போய் நிற்பது சரியாகச் சண்டைக்கு நடுவில். ஆகவே 1983க்கு முந்திய ஓர் உறுதி கையில் அகப்படும்வரை பின்னால் போகச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தில் அண்மைக் காலத்து உறுதி ஒன்றே ஒன்று தனியாக நின்று, அதற்கு முன் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற குறிப்பும் இல்லையென்றால், அந்தத் துப்புரவான பக்கம்தான் ஆபத்து. யாரோ அதே காணிக்குப் புதுப் பக்கம் திறந்திருக்கிறார்கள், பழைய பக்கம் வேறொரு தொகுதியில் உயிரோடு கிடக்கிறது என்று எடுங்கள்.

பதிவகம் உறுதியைப் பதிகிறதே தவிர, விற்பவர் உண்மைச் சொந்தக்காரரா என்று பார்ப்பதில்லை. முத்திரை குத்தியிருக்கிறது, அரசாங்கமே ஒப்புக்கொண்டதுதானே என்று சனம் நம்புகிறது. பதிவகத்தில் ஒரு படிவம், மாநகரசபையில் இன்னொன்று, பிரதேச செயலகத்தில் மூன்றாவது. ஒரு கந்தோர் கேட்கும் கடுதாசியை மற்றக் கந்தோர் தரவேண்டும், மூன்றும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். மூன்று வாசலுக்கும் மாறி மாறி நடக்கிறவர் நீங்கள்.

இந்த நடையில் களைத்தவர்களுக்கென்றே ஒரு சரக்கு உண்டு: வெளிப்படுத்தல் உறுதி. ‘இந்தக் காணியை நான் பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன், ஆகவே எனக்கே சொந்தம்’ என்று ஒருவர் தானே நொத்தாரிசு முன்னால் சொல்லிக் கையெழுத்திடுவது. பத்து வருடத் தடையற்ற ஆட்சி என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ளவேண்டியது நீதிமன்றம்; தானே தனக்குச் சொல்லிக்கொண்டால் உரித்து வராது. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போனவர்களின் வளவுகளுக்கும், 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளுக்கும் இப்படி உறுதி எழுதிக்கொண்டு, ‘உறுதிக் காணி’ என்று விலை பேச வருவார்கள். 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை சண்டையால் வழக்கு வைக்க முடியாதவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துப் பார்க்க 2016இல் தனிச் சட்டமே வந்தது. ஆகவே ‘இருபது வருடமாக இருக்கிறார்’ என்ற கதையை நம்பிக் காசு எண்ணாதீர்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டைக் காட்டுவார்கள். வரி கட்டினவர் பெயர்தான் அதில் இருக்கும், சொந்தக்காரர் பெயர் அல்ல.

இன்னும் பார்க்கவேண்டிய ஒன்று, திகதி. 1995 ஒக்ரோபர் 30 தொடக்கம் வலிகாமம் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வரத் தொடங்கியது 1996 ஏப்ரலுக்குப் பிறகு. இடைப்பட்ட மாதங்களில் யாழ்ப்பாண நகரத்தில் வைத்து முடித்ததாக ஓர் உறுதி வந்தால், கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு எழுதியிருக்கும் அத்தாட்சிக் குறிப்பை வாசியுங்கள். தென்மராட்சிப் பக்கத்துச் சாவகச்சேரியில் என்றிருந்தால் நம்பலாம். ஆளே இல்லாத பட்டினத்தில் இரண்டு சாட்சிகளோடு என்றிருந்தால் அதே நொத்தாரிசின் முந்திய இலக்கத்தையும் பிந்திய இலக்கத்தையும் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். காலமான நொத்தாரிசுகளின் பெயரில் எழுதுகிற கெட்டிக்காரர்கள் இலக்க வரிசையில்தான் அகப்படுவார்கள்.

இனி உங்கள் வழக்கின் முடிச்சுக்கு வருகிறேன்: 1998 நன்கொடை.

வடக்கில் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம். சீதனமோ முதுசமோ (பரம்பரைச் சொத்தோ), மனைவியின் பெயரில் உள்ள அசையாச் சொத்து அவருடையதுதான். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைச் சட்டத்தின்படி, உயிரோடு இருக்கையில் அதை விற்கவோ நன்கொடை செய்யவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாத உறுதி செல்லாது என்று பின்னால் எவரும் வழக்காடலாம். தாயார் 1998இல் எழுதியபோது தகப்பன் சட்டப்படி இறந்தவரல்லர், காணாமற்போனவர். ஆகவே உறுதியை எடுத்தவுடன் முதலில் பார்க்கவேண்டியது, கணவன் சம்மதம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை.

இதே சட்டத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு கதவு உண்டு. கணவன் கைவிட்டிருந்தால், பிரிந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்தால், சித்தசுவாதீனம் இல்லாவிட்டால், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், அல்லது அவருடைய இருப்பிடம் தெரியாவிட்டால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அவர் சம்மதம் இல்லாமலே எழுதுவதற்கு அனுமதி வாங்கலாம். ‘இருப்பிடம் தெரியாவிட்டால்’ என்ற அந்தச் சொல் நூறு வருடத்துக்கு முன் யாரை நினைத்து எழுதப்பட்டதோ, 1996இல் யாழ்ப்பாணத்து மனைவிமாருக்கு அளந்து தைத்ததுபோல் இருந்தது. அந்த அனுமதியின் வழக்கு இலக்கம் உறுதியில் இருக்கிறதா? இருந்தால் முடிச்சு அவிழ்ந்தது. நீதிமன்றப் பதிவகத்தில் கட்டளையின் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த காரியத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால், பலரிடமும் இல்லை, கீழே சொல்வதைப் பாருங்கள்.

தாயார் உயிரோடு இருக்கிறாரா என்பது முதற் கேள்வி. இருந்தால், தகப்பனுக்கு என்ன கடுதாசி எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் மரணச் சான்றிதழ் எடுத்திருந்தால், அவர் கைம்பெண்ணாக நின்று, நன்கொடையை உறுதிசெய்து புதிதாக ஓர் உறுதி எழுதலாம். அல்லது உங்களுக்கு விற்கும் உறுதியில் மகனோடு சேர்ந்து கையெழுத்திடலாம். 2016 திருத்தத்தில் வந்த காணாமற்போனமைச் சான்றிதழ் மட்டும் இருந்தால் அதை மரணச் சான்றிதழாக எடுத்து ஓட முடியாது. மேலே சொன்ன நீதிமன்ற அனுமதியை இப்போது எடுக்கவேண்டும். பல தாய்மார் மரணச் சான்றிதழ் எடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். மகனையோ கணவனையோ தாங்களே செத்தவனாக எழுதிக்கொடுப்பதா என்று நினைக்கிறார்கள். ஒரு காணி அலுவலுக்காக அவரை நெருக்கவேண்டாம். நீதிமன்ற வழி இருக்கிறது, சில மாதம் பிந்தும், அவ்வளவுதான்.

தாயார் காலமாகியிருந்தால் விஷயம் சகோதரங்களிடம் போகிறது. நன்கொடை செல்லாது என்றால் அந்த வீடு ஒரு மகனுடையது அல்ல, பிள்ளைகள் எல்லோருடையதும். மகன் 1998இலிருந்து ஆள்கிறாரே, பத்து வருடம் கடந்துவிட்டதே என்பார்கள். பங்காளிகளுக்குள் அந்தக் கணக்குச் சுலபமாகச் செல்லாது; ஒருவர் இருப்பது எல்லோருக்காகவும் இருப்பதாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுக்கும். ஆகவே இலண்டனில் இருக்கும் தங்கச்சியோ ஜேர்மனியில் இருக்கும் அண்ணனோ, எல்லோரும் உங்கள் உறுதியில் விற்பவர்களாகச் சேரவேண்டும். ஒருவர் மறுத்தாலும் நீங்கள் வாங்குவது வீடு அல்ல, பிரிபடாப் பங்கு. பங்குக் காணியில் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் நீங்கள் வாங்கினால், நீங்கள் வண்ணம் பூசி முடித்த பிறகு வந்து கேட்பார்கள்.

அற்றோணித் தத்துவம் பற்றிச் சுருக்கமாக. அது இலங்கையில் பதியப்பட்டிருக்கவேண்டும், இந்தக் காணியின் பெயரும் ‘விற்க’ என்ற சொல்லும் அதில் இருக்கவேண்டும். கொடுத்தவர் இறந்த நிமிடமே தத்துவமும் செத்துவிடும். உறுதி முடிக்கும் நாளில் சொந்தக்காரரை வீடியோவில் எடுத்து, கடவுச்சீட்டைக் காட்டச் சொல்லி, நொத்தாரிசு பார்க்க விலையைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்குச் சொல்லப்பட்ட விலை வேறாக இருக்கலாம். காசு அவர் பெயரில் உள்ள கணக்குக்கு வங்கிக் காசோலையாகப் போகட்டும். தம்பிக்கும் தரகருக்கும் கையில் எண்ணிக் கொடுக்கவேண்டாம்.

அந்த 5 இலட்சம்? வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதுகிற முற்பணச் சீட்டை வைத்து வீட்டை எழுதித்தா என்று வழக்குப்போட முடியாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி காணி விற்கும் உடன்படிக்கையும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் நின்றால்தான் செல்லும். தோம்பும் பிரதியும் பார்த்த பிறகு, நொத்தாரிசு முன் உடன்படிக்கை எழுதி, அதைப் பதிந்து, அப்போது கொடுங்கள். ‘வேறு ஆள் நிக்குது’ என்றால் நிற்கட்டும். அந்த ஆள் இதையெல்லாம் பார்க்காமல் வாங்குகிறார் என்றால் அது அவர் பாடு. வீட்டில் பராமரிக்கவென்று இருப்பவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வெளிக்கிட்டுச் சாவி உங்கள் கையில் வரும்வரை கடைசிக் காசு கொடுக்கவேண்டாம்.

வீட்டையும் ஒருமுறை பகலில் பாருங்கள். கொங்கிறீற் தட்டின் கீழ்ப்பக்கத்தில் வட்ட வட்டமாகப் புதுப்பூச்சு இருந்தால் சண்டையில் செல் (எறிகணை) பட்ட இடமாக இருக்கலாம். உள்ளே கம்பி துருவேறியிருக்கும், தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் வரும். கிணற்றுத் தண்ணீரை வைகாசி, ஆனியில் குடித்துப் பாருங்கள். அரியாலையில் கடல்நீரேரியை நோக்கிப் போகப்போக உப்பு. ஒன்றேகால் பரப்புக்குள் உங்கள் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி விடுவதே கஷ்டம், அயல்வீட்டுக் குழி மதிலோடு இருந்தால் கிணற்றை மறந்துவிடுங்கள். ஒழுங்கை பொதுவா, வழி வாய்க்கால் உரிமை உறுதியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேலியும் பனையும் போன வளவுகளில் எல்லை வாய்க்கதைதான். பதிவுபெற்ற நில அளவையாளரைக் கூட்டிப்போய்ப் புதுப் படம் கீறுங்கள், அயலவர் நிற்கும்போது.

செலவைக் கணக்கில் வையுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிச்சத்துக்கு நூற்றுக்கு 4. 85 இலட்சத்துக்கு 3,39,000 ரூபா, வாங்குபவர் கட்டவேண்டியது. மதிப்பீடு கூடினால் தீர்வையும் கூடும். நொத்தாரிசு கூலி, நில அளவை, தோம்பு எல்லாம் இதற்கு வெளியே. ‘நன்கொடை என்று எழுதினால் தீர்வை பாதி’ என்று தரகர் கட்டாயம் சொல்வார். விலை கொடுத்து வாங்குவதை நன்கொடையாக எழுதினால் கொடுத்த 85 இலட்சத்துக்கு எழுத்தில் சாட்சியே இல்லை. நன்றி கெட்ட செயல் என்று காட்டி நன்கொடையை மீளப் பெறவும் சட்டத்தில் இடமுண்டு. அறுதி உறுதியாகவே (முழு விற்பனை உறுதியாகவே) எழுதுங்கள். கையெழுத்திடும் நாள் காலையில் தோம்பை இன்னொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். உறுதி முடிந்த கையோடு பதிவுக்குப் போகவேண்டும். உங்கள் உறுதி நொத்தாரிசின் மேசையில் கிடக்கையில், அதே வீட்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய இன்னொருவரின் உறுதி முந்திப் பதியப்பட்டால், முந்திப் பதிந்ததற்குத்தான் முதலிடம்.